‘சிரி’ என்று யாருக்குச் சொல்கிறோம்?

குவைத்தில் டயாலிசிஸ் செவிலியராக வேலை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் அதே முகங்கள். பேசாமல் எப்படி இருப்பது? அப்படிப் பேசித்தான் ஈலியா அபூ மாதி என்ற அரபிக் கவிஞரைத் தெரிந்துகொண்டேன்.

நோயாளிகளில் ஒருவர் அரபி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை உஸ்தாத் என்போம். கொஞ்ச நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. “இந்த மெஷின் போதும்” என்று முனகுவார். ஒருநாள் அவருடைய மகன் வாட்ஸ்அப்பில் அபூ மாதியின் ‘இப்தஸிம்’ கவிதையை அனுப்பியிருந்தார். புன்னகை செய் என்று அர்த்தம். “வானம் இருண்டு கிடக்கிறது” என்கிறான் ஒருவன். “முகம் சுளிக்க வானம் போதும், நீ சிரி” என்கிறான் அடுத்தவன்.

உஸ்தாத் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். “இதே கவிஞர் இன்னொரு கவிதையை எப்படித் தொடங்குகிறார் தெரியுமா, சிஸ்டர்? ‘புலம்புகிறவனே, உனக்கு நோய் ஒன்றுமில்லை, நோய் வந்தால் என்ன ஆவாய்?’ அது நோயில்லாதவனுக்கு எழுதியது. எனக்கு நோய் இருக்கிறது.”

அபூ மாதி கஷ்டம் தெரியாதவர் இல்லை. லெபனான் கிராமத்திலிருந்து சிறுவனாக அலெக்சாந்திரியா போய்ப் பிழைத்தவர். அங்கிருந்து அமெரிக்கா போய், 1957-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். அவர் கவிதையில் சிரிக்க மறுப்பவனை யாரும் வாயடைப்பதில்லை. இளமை போயிற்று, காதல் நரகமாயிற்று, பண்டிகை வந்தும் வேண்டியவர்களுக்கு வாங்கித் தரக் கையில் ஒரு திர்ஹம் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான். அவன் சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. நாமோ அவன் பேச்சை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் ஃபார்வர்டு செய்கிறோம்.

துனீசியக் கவிஞர் அபுல் காசிம் ஷாப்பி விஷயம் வேறு. இதய நோயோடு வாழ்ந்து 1934-இல், 25 வயதில் இறந்தவர். நோயையும் பகைவர்களையும் மீறி வாழ்வேன், சிகரத்தின் மேல் கழுகைப்போல, என்று எழுதினார். நோயாளியே சொல்லும்போது அந்த வரிக்கு இருக்கும் பலம், பக்கத்தில் நிற்பவர் சொல்லும்போது இருப்பதில்லை.

டயாலிசிஸ் எடுப்பவர்களிடம் மனச்சோர்வு சாதாரணமாக வரும். ஆனால் களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் சிறுநீரக நோயிலும் இருப்பதால் மனச்சோர்வு எளிதில் கண்ணில் படாமல் போகும். பிடித்ததில் விருப்பம் போவது, சிகிச்சையைத் தவிர்ப்பது, ‘போதும்’ என்ற பேச்சு இவற்றைக் கண்டால் தைரியம் சொல்வதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தும் ஆலோசனையும் உண்டு. உஸ்தாத் விஷயத்தில் அதைத்தான் செய்தோம்.

சில வாரம் கழித்து, நான் கேட்காமலே ‘இப்தஸிம்’ கடைசி வரியைச் சொன்னார். அதில் சொர்க்கம் பற்றிய வாக்குறுதி ஏதும் இல்லை. உனக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு ஷிப்ர் இருக்கும்வரை சிரி, அப்புறம் சிரிக்கவே முடியாது. ஷிப்ர் என்றால் என்ன என்று கேட்டேன். ஊசி ஏறாத கையை விரிப்பின்மேல் வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்துக் காட்டினார். ஒரு சாண்.