சகோதரச் சங்க வாள்களின் மேல் அமிலம் வரைந்த படம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததும் வாள் தயாரிப்பாளர்களுக்கு ராணுவ ஆர்டர்கள் சுருங்கின. அப்போது கைகொடுத்தவை சகோதரச் சங்கங்கள், அதாவது உறுப்பினர்கள் சடங்குகளோடு கூடும் அமைப்புகள். ஃப்ரீமேசன்கள் என்ற சங்கத்தைச் சேர்ந்த நைட்ஸ் டெம்ப்ளர் பிரிவு, 1864-இல் வாஷிங்டனில் தொடங்கிய நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ், ஆட் ஃபெல்லோஸ் எனப் பல சங்கங்களில் சீருடையும் வாளும் சடங்கின் பகுதி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கப்பியில் ஏம்ஸ் நிறுவனமும், ஒஹையோவின் கொலம்பஸில் லில்லி நிறுவனமும் இவர்களுக்கு வாள் செய்து கொடுத்தன.

அலகு முழுக்கக் கொடிகள், சிலுவைகள், குதிரை வீரர்கள், சில வாள்களில் உரிமையாளரின் பெயரும் இருக்கும். உளியால் செதுக்கியதுபோல் தெரியும். ஆனால் பெரும்பாலும் இது அமிலத்தின் வேலை. மெருகேற்றிய எஃகின் மேல், அமிலம் கரைக்காத மெழுகு அல்லது தார்ப் பூச்சால் படத்தை மட்டும் மூடுவார்கள். நைட்ரிக் அமிலம் பட்டதும், மூடாத இடத்தில் இரும்பு கரையும். எஃகின் நுண்மணிகள் (மிகச் சிறிய படிகங்கள்) ஒரே வேகத்தில் கரைவதில்லை, அதனால் அந்த இடம் சொரசொரப்பாகிறது. சொரசொரப்பான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். மூடியிருந்த படம் பழைய வழவழப்போடு கண்ணாடிபோல் மின்னும். மங்கலான பின்னணியில் பளிச்சென்ற படம் கிடைப்பது இப்படித்தான். மை, சாயம் எதுவுமே இல்லாமல் ஒளியை வைத்தே வரைந்த ஓவியம் இது. ராணுவ வாள்தான் உசத்தி என்பவர்கள் உண்டு, எனக்கு இந்த நுட்பத்தால் சங்க வாள்களே பிடிக்கும்.

அமிலம் அரித்த ஆழம் மிகக் குறைவு. பழைய வாளைப் பளபளப்பாக்குகிறேன் என்று மெருகுப் பசையும் சக்கரமும் வைத்துத் தேய்த்தால், சொரசொரப்பு போய்விடும், கூடவே படமும் போய்விடும். இப்படி மொட்டையான வாள்களைப் பார்ப்பது வேதனை.

அப்புறம் நிக்கல் முலாம். ஐசக் ஆடம்ஸ் 1869-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற பிறகு அமெரிக்காவில் இது வேகமாகப் பரவியது. பல எஃகு உறைகளுக்கு நிக்கல்தான் மேற்பூச்சு. பூச்சு முழுமையாக இருக்கும்வரை நல்ல காவல். ஊசித் துளை அளவு ஓட்டை விழுந்து ஈரம் புகுந்தால், நிக்கலும் இரும்பும் ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் அரிபடுவது இரும்பு. மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் துரு குழி பறிக்கும்.

கைப்பிடிகளில் தந்தமும் எலும்பும் உண்டு. சில தந்தம்போல் தெரிந்தாலும் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். ஜான் வெஸ்லி ஹயாட் 1870-இல் காப்புரிமை பெற்ற பொருள். எளிதில் தீப்பற்றும் நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. உண்மைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும், செல்லுலாய்டில் அது இருக்காது. வயதான செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை அமிலமாகிப் பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். எனவே கைப்பிடியில் வெடிப்போ, பக்கத்து உலோகத்தில் பச்சைக் களிம்போ தெரிந்தால், அந்த வாளை மற்றவற்றோடு மூடிய பெட்டியில் வைக்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில், தீயிலிருந்து விலக்கி, தனியாக வைக்க வேண்டும்.