இன்குபேட்டர்: 'பொரிப்பான்' வேண்டாமே

கோழி இல்லாமலே முட்டைக்குச் சூடு கொடுத்துக் குஞ்சு உருவாக்குகிற பெட்டிதான் இன்குபேட்டர். அதற்குத் தமிழ் 'பொரிப்பான்' என்று இன்னொரு முறை யாராவது எழுதினால் அவர் வைத்த முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போகட்டும். அவ்வளவு முறை படித்தாகிவிட்டது.

மூலம் லத்தீன். 'இன்குபாரே' என்றால் ஒன்றின்மேல் படுத்துக் கிடப்பது. தமிழில் அதே பொருளில் அடைகிடத்தல் இருக்கிறது, அடைகாத்தல் இருக்கிறது. கோழி அடையில் இருக்கிறது, முட்டையை அடைக்கு வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. அவயம் என்பாரும் உண்டு. வேர் விவகாரம் அவ்வளவுதான்.

பொரித்தல் வேறு. ஓடு உடைந்து குஞ்சு வெளியே வருகிற கட்டம் அது. கோழி முட்டைக்கு 21 நாள் என்றால், பெட்டி இத்தனை நாளும் செய்வது அடைகாக்கிற வேலைதான்: 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு, காற்றில் போதுமான ஈரம், 18ஆம் நாள் வரை முட்டையை அடிக்கடி திருப்பிவிடுவது. பொரிப்பு கடைசி ஒருநாள் கூத்து. அதையும் பெட்டி செய்வதில்லை, உள்ளே இருக்கிற குஞ்சு அலகு நுனியில் உள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கொத்திக்கொண்டு தானே வருகிறது. 'கோழி குஞ்சு பொரித்தது என்கிறோமே, பெட்டி பொரித்தது என்றால் என்ன குறை?' என்று கேட்பார்கள். சரி, பேச்சில் சொல்லிக்கொள்ளுங்கள். மூன்று வார வேலையை விட்டுவிட்டு கடைசி நாளைப் பிடித்து ஏன் பெயர் வைக்க வேண்டும்?

அடுப்படியில் இன்னும் மோசம். 'முட்டை பொரிப்பான்' என்று எழுதிப் பாருங்கள், எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்றுதான் யாரும் கேட்பார்கள். ஏர் ஃபிரையரையும் காற்றுப் பொரிப்பான் ஆக்கிவிட்டார்கள். றகரம் போட்டு 'பொறிப்பான்' என்று எழுதுகிறவர்கள் தனிக் கூட்டம்; அந்தப் பெயர் கல்வெட்டு வெட்டுகிறவருக்குத்தான் பொருந்தும்.

இதே இன்குபேட்டரில்தான் குறைமாதக் குழந்தையையும் வைக்கிறோம். அதுவும் கோழிக்குஞ்சு வழியாக வந்ததுதான்: பாரிசில் டார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் கோழி முட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, 1880 வாக்கில் அதேபோல ஒன்றைக் குழந்தைகளுக்குச் செய்ய வைத்தார். இப்போது 'குழந்தையைப் பொரிப்பானில் வைத்திருக்கிறார்கள்' என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்ல முடியுமா?

பெரிய பண்ணைகளில் 18ஆம் நாள் வாக்கில் முட்டைகளை வேறு இயந்திரத்துக்கு மாற்றி, திருப்புவதை நிறுத்தி, ஈரத்தைக் கூட்டுவார்கள். அந்த இரண்டாவது இயந்திரத்துக்குப் பொரிப்பான் என்று வையுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டுக்கும் அதே பெயர் என்றால் 'முட்டைகளைப் பொரிப்பானிலிருந்து பொரிப்பானுக்கு மாற்றவும்' என்று எழுத வேண்டியதுதான்.

'அடைகாப்பான்' எவ்வளவோ மேல். ஆனால் அதையே புரூடருக்கும் வைத்துக் குழப்புகிறார்கள். ஆங்கிலத்தில் அடைகாப்பதற்கும் குஞ்சை அணைத்து வளர்ப்பதற்கும் 'புரூட்' என்று ஒரே வினை, அகராதியில் முதலில் வருகிற பொருளை எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். புரூடரில் முட்டையே கிடையாதே! வெளியே வந்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வாக்கில் சூடு கொடுத்து வாராவாரம் குறைத்துக்கொண்டே போகிற இடம் அது. குஞ்சுக் கூண்டு என்றாலே போதும்.

இன்குபேட்டருக்கு என் ஓட்டு 'அடைகாப்புப் பெட்டி'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழந்தைக்கும் ஆகும், கோழிக்கும் ஆகும், கேட்டவுடன் புரியும். அதற்காக எல்லா இடத்திலும் அடையைத் திணிக்காதீர்கள். கிருமி புகுந்து அறிகுறி தெரிகிற வரையிலான நாட்களை 'நோய் அடைகாக்கும் காலம்' என்று எழுதுகிறார்கள். நோயரும்பு காலம் என்ற அருமையான சொல் புழக்கத்தில் இருக்கும்போது இது எதற்கு?