எது முன்னால் நடந்தது? பல கணினிகள் சேர்ந்து கணக்கு எழுதும் விதம்

நூறு வருடத்துக்கு முந்தைய செட்டிநாட்டு வட்டிக்கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாளி காரைக்குடியில். கடைகள் ரங்கூனிலும் பினாங்கிலும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மேலாள், தனிப் பேரேடு. கணக்கு விவரம் கடிதமாகக் கப்பலேறி வரும். பல வேலைகளை ஒரே காலத்தில் நடத்தும் கன்கரண்ட் புரோகிராமிங், பல கணினிகளைச் சேர்ந்து இயங்கவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் புரோகிராமிங் இரண்டையும் படிக்கத் தொடங்கும் செட்டிநாட்டு மாணவருக்கு இந்தக் கடையே போதும்.

முதலில் ஒரே கடைக்குள் பார்ப்போம். பேரேட்டில் இருப்பு 1,000 ரூபாய். இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கிறார்கள். ஒருவர் 200 கூட்டி 1,200 என்று எழுதுகிறார். மற்றவர் தான் பார்த்த 1,000த்தோடு 300 கூட்டி, அதன்மேல் 1,300 என்று எழுதிவிடுகிறார். 200 ரூபாய் போயே போச்சு. ஒரு நிரலுக்குள் ஒரே காலத்தில் ஓடும் வேலைச் சரடுகளுக்கு த்ரெட் என்று பெயர். ஒரே மாறியை (மதிப்பை வைத்திருக்கும் இடத்தை) இரண்டு த்ரெட்கள் மாற்றும்போதும் இதேதான் நடக்கிறது. ‘ஒன்று கூட்டு’ என்பது நமக்கு ஒரு வேலை. பெரும்பாலும் புராசசருக்கு அது படி, கூட்டு, எழுது என மூன்று வேலை. நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்தால் கணக்கு கெடும். இதற்குப் பெயர் ரேஸ் கண்டிஷன். எப்போதாவது மட்டுமே தலைகாட்டுவதால் சோதனையில் எளிதில் அகப்படாது. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை குறைந்தது 6 நோயாளிகளுக்கு அளவு மீறிக் கதிர்வீச்சைப் பாய்ச்சியதற்கு இப்படிப்பட்ட பிழையும் ஒரு காரணம்.

லாக் போட்டால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேரேட்டைத் தொட முடியும். இரண்டு பேரேடுகள் இருந்து, ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்திருந்தால் டெட்லாக். எல்லோரும் ஒரே வரிசையில்தான் லாக் எடுக்க வேண்டும் என்று விதி வைத்தால் அது வராது.

பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதற்கு அப்புறம் வருவதுதான் பாடத்தின் உயிர் என்று தோன்றுகிறது. ரங்கூனுக்கும் காரைக்குடிக்கும் பொதுவான பேரேடு கிடையாது. லாக் போட எதுவுமில்லை. தனித்தனிக் கணினிகளும் இந்தக் கடைகள் மாதிரிதான்; அவற்றுக்கிடையே போகும் செய்திகள்தான் கடிதங்கள். கணினிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. அப்படியானால் எது முன்னால் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் இதற்கு அழகான விடை சொன்னார். மணியை விட்டுவிடு, எண்ணிக்கையைப் பிடித்துக்கொள். ஒவ்வொரு கடையும் தன் நிகழ்வுகளுக்கு 1, 2, 3 என்று எண் போடட்டும். கடிதத்திலும் அந்த எண்ணை எழுதட்டும். ரங்கூன் 7 என்று போட்டு அனுப்புகிறது. காரைக்குடி அப்போது 3-இல் இருக்கிறது. கடிதம் கைக்கு வந்ததும் இரண்டில் பெரியதோடு ஒன்று கூட்டி 8-க்குத் தாவுகிறது. இதனால், ஒன்றின் விளைவாக இன்னொன்று நடந்திருந்தால் பின்னதன் எண் கட்டாயம் பெரிதாக இருக்கும். ஆனால் தலைகீழாகச் சொல்ல முடியாது. பினாங்கில் 9, காரைக்குடியில் 5 என்பதாலேயே காரைக்குடியில் முதலில் நடந்தது என்று ஆகிவிடாது. இரண்டுக்கும் நடுவே கடிதத் தொடர்பே இல்லையென்றால் அவை உடனிகழ்வுகள். அந்த அமைப்புக்குள் இருந்து பார்த்தால் அவற்றுக்கு முன்பின் கிடையாது. இதைப் பிரித்தறியப் பின்னாளில் வெக்டர் கிளாக் வந்தது: ஒரே எண்ணுக்குப் பதில், கடைக்கொன்றாக ஓர் எண் வரிசை.

அடுத்தது மௌனம். ரங்கூனிலிருந்து பதில் வரவில்லை. மேலாளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, கப்பல் தாமதமா? காரைக்குடியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். செய்தி வந்துசேரக் கால வரம்பே இல்லாத அமைப்பில் ஒரே ஒரு கணினி செயலிழக்கலாம் என்றாலும், எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று தற்செயல் தேர்வைப் பயன்படுத்தாத எந்த வழிமுறையாலும் உறுதி தர முடியாது. இதை ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற கணினி அறிவியலாளர்கள் மூவரும் 1985-இல் நிரூபித்தார்கள். நடைமுறையில் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புகிறோம். ‘500 ரூபாய் கொடு’ என்ற கடிதம் இரண்டு முறை போய்விட்டால்? கடிதத்துக்கு ஒரு தனி எண் இருக்க வேண்டும்; ஏற்கெனவே முடித்த எண் வந்தால் பணம் கொடுக்காமல் பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும்.

படிக்கத் தொடங்குகிறவர்கள் ஜாவாவில் இரண்டு த்ரெட்களை ஒரே மாறியில் தலா பத்து லட்சம் முறை ஒன்று கூட்டச் சொல்லி, லாக் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அநேகமாக இருபது லட்சம் வராது. அப்புறம் இரண்டு மடிக்கணினிகளுக்கு இடையே லாம்போர்ட் எண்களோடு செய்தி அனுப்பி, ஒரு பக்கம் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள்.