அழித்துவிடுவதற்கு முன்

பதினொரு ஆண்டுகளாக நூல்களுக்குப் படம் வரைந்துவரும் ஓவியர் ஒருவர், ஒரு நள்ளிரவில் தம் கணினியில் இருந்த படங்கள் அனைத்தையும் அழித்துவிட்டு, மறுநாள் என் மனநல ஆலோசனை அறைக்கு வந்து அமர்ந்தார். இப்படி வந்தவர்களில் இந்த ஆண்டு இவர் நான்காமவர். முந்தைய மூவரில் ஒருவர் தம் கவிதைக் குறிப்பேடுகளை எரித்திருந்தார். நால்வரும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தையே சொன்னார்கள்: "உண்மையிலேயே திறமை இருந்தால் எனக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காதே."

எத்தனை முறை மறுத்தாலும் திரும்பி வரும் இந்த நம்பிக்கைதான் என்னை எழுத வைத்தது. 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் உளவியலாளர்கள், தமக்குக் கிடைத்த வெற்றிக்குத் தாம் தகுதியற்றவர் என்றும், என்றாவது ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றும் அஞ்சியவர்களைப் பற்றி எழுதினார்கள். அவ்வாறு அஞ்சியவர்கள் படிப்பிலும் தொழிலிலும் சாதித்திருந்த பெண்கள். (இதைப் பலர் இன்று 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று நோயின் பெயர்போலச் சொல்லிக்கொள்கிறார்கள், எங்கள் நோய் வகைப்பாட்டில் அப்படியொரு நோய் கிடையாது.) தொழிலில் தேரத் தேர, நல்லது எது என்று காணும் கண் கையை முந்திக்கொண்டு ஓடுகிறது. சென்ற ஆண்டு வரைந்த படத்தில் அன்று தெரியாத குறை இன்று தெரிகிறதென்றால் கண் வளர்ந்திருக்கிறது; நாமோ கை தளர்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சந்தேகப்படுபவர் அனைவரும் திறமைசாலிகள் என்று நான் சொல்லவரவில்லை. சந்தேகத்தை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட இயலாது என்கிறேன்.

புறத்தே அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதர் பிறரோடு ஒப்பிட்டே தம்மை அளந்துகொள்வர் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதிவிட்டார். கலைத்தொழில் முழுவதுமே அத்தகைய இடம். ஆகவே, இன்னொருவர் பொறுக்கியெடுத்துக் காட்டிய சிறந்த படைப்பின் அருகில் பாதி முடிந்த தம் படைப்பை வைத்துப் பார்த்து மனம் குமைபவர்கள் நாள்தோறும் என்னிடம் வருகிறார்கள்.

தம் படைப்புக்குத் தாமே தக்க நீதிபதி என்று உறுதியாக நம்புவோரிடம் நான் இன்று உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் காஃப்காவைப் பற்றிச் சொல்வதுண்டு. விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே எழுதிய அவர், தாம் விட்டுச்செல்லும் கையெழுத்துப் படிகளைப் படிக்காமலேயே எரித்துவிடுமாறு நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதிவைத்து, 1924இல் இறந்தார். நண்பர் எரிக்கவில்லை, மறு ஆண்டே அவற்றிலிருந்து ஒரு நாவல் அச்சேறியது. உங்களுக்கும் அத்தகைய புகழ் வரும் என்று ஆசைகாட்ட இதைச் சொல்லவில்லை. சோர்ந்த வேளையில் படைத்தவர் தரும் தீர்ப்பு எவ்வளவு தவறிப்போகலாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

"இந்தத் தொழில் எனக்குச் சோறு போடுமா?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை தர வேண்டியது வரவு செலவுக் கணக்கு. வருமானம் போதவில்லையென்றால் பகலில் வேறு வேலை பாருங்கள். அது தோல்வி ஆகாது. பணக் கேள்விக்குக் கிடைத்த விடையைப் படைப்பின் மதிப்புக்கான விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதையும் அழிக்காதீர்கள், கண்ணில் படாத இடத்தில் ஒரு மாதம் பூட்டிவையுங்கள். இரவில் முடிவெடுக்காதீர்கள். நம்பகமான சக கலைஞரிடம் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது?" என்று கேளுங்கள், திருத்தத்தக்க விடை கிடைக்கும். வீட்டில் இருப்பவர்களே, "உருப்படியான வேலைக்கு எப்போது போவாய்?" என்ற கேள்வியைச் சிறிது காலம் கேட்காமல் இருங்கள், உங்கள் வீட்டுக் கலைஞர்கள் அதைத் தமக்குத் தாமே நாளுக்கு நூறு முறை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குறிப்பேடுகளை எரித்தவர் பல வாரங்களாகச் சரியாக உறங்கவும் இல்லை, உண்ணவும் இல்லை. எழுத்தில் மட்டுமன்றி எதிலுமே அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. அது மனச்சோர்வு நோய். அவருக்குத் தேவைப்பட்டது சிகிச்சை, ஆனால் சுற்றியிருந்தவர்கள் ஊக்கவுரைகளையே தந்துகொண்டிருந்தார்கள். இந்த நிலை இரண்டு வாரங்கள் நீடித்தால் தயவுசெய்து மருத்துவரிடம் செல்லுங்கள். இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஒரே ஒருமுறை வந்தாலும், அன்றே செல்லுங்கள்.