குவாண்டம் பின்னல்: ‘சிக்கல்’ வேண்டாம், ‘பிணைப்பு’ம் போதாது

“குவாண்டம் சிக்கலிலிருந்துதான் காலவெளியே பிறக்கிறது” என்று ஓர் அறிவியல் காணொளியில் சொல்கிறார்கள். இன்னொரு காணொளியில் “சிக்கிய துகள்கள்” வருகின்றன. ஆங்கிலத்தில் ‘குவாண்டம் என்டாங்கிள்மென்ட்’ (quantum entanglement) என்பதற்குச் செய்திகளிலும் இயந்திர மொழிபெயர்ப்புகளிலும் இதே சொல்தான். இயற்பியல் படிக்காத ஒருவர் அந்த வாக்கியத்தைக் கேட்டால், குவாண்டம் கோட்பாட்டில் ஏதோ பிரச்சினை இருக்கிறது, அதைச் சரிக்கட்டத்தான் காலவெளி வருகிறது என்று நினைப்பார். இன்றைய இயற்பியலின் மிகத் துணிச்சலான கருத்துகளில் ஒன்று, ஒரு சொல்லால் இப்படிக் கெட்டுப்போகிறது. ‘என்டாங்கிள்மென்ட்’டுக்குத் தமிழ் பின்னல். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் பொருள். இரண்டு எலக்ட்ரான்களை ஒரு குறிப்பிட்ட நிலையில் ஒன்றாக உருவாக்கி வெகுதூரம் பிரித்துவிடலாம். ஒன்றை மட்டும் எடுத்து அதன் சுழற்சியை (ஸ்பின்) அளந்தால் மேல் அல்லது கீழ், பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் இரண்டையும் ஒரே திசையில் அளந்தால் எப்போதும் எதிரெதிராகவே வரும். ஜோடியைப் பற்றி முழுவதும் தெரியும், தனித்தனியாக ஒன்றைப் பற்றியும் தெரியாது. பிரியும்போதே விடையை எழுதிக்கொண்டு போயிருக்கும் என்று சமாதானம் சொல்லவும் முடியாது. அந்த வழியை இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் கணிதமாகவே அடைத்துவிட்டார். அதைச் சோதனையில் உறுதிசெய்தவர்களுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பவும் முடியாது. நாளிதழ்களில் இன்னும் அப்படி எழுதுகிறார்கள், அது தவறு.

பெயர் வைத்தவர் எர்வின் ஷ்ரோடிங்கர், 1935-இல். ஜெர்மனில் அவர் எழுதியது ‘ஃபெர்ஷ்ரேங்குங்’. கைகளைக் குறுக்காகக் கோத்துக் கட்டிக்கொள்வதற்கும் ஜெர்மானியர் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒழுங்காக, ஒன்றுக்குள் ஒன்று மாறிமாறிக் கோப்பது. அதே ஆண்டு ஆங்கிலத்தில் எழுதியபோது ‘என்டாங்கிள்மென்ட்’ என்றார். ஆங்கிலச் சொல்லில் நூல் சிக்கிக்கொள்ளும் வாடை உண்டு, ஜெர்மன் சொல்லில் இல்லை. நாம் ஆங்கிலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தோம், வாடையும் சேர்ந்து வந்துவிட்டது.

‘சிக்கல்’ என்று எழுதுகிறவர்கள் அகராதிப்படி தப்பு செய்யவில்லை. தலைமுடியில் விழுவது சிக்கு, நூலில் விழுவது சிக்கல். ஆனால் இன்று தமிழில் சிக்கல் என்றால் முதலில் வருவது தொல்லைதான்: குடும்பச் சிக்கல், சட்டச் சிக்கல், மலச்சிக்கல். சிக்கல் வந்தால் தீர்க்க வேண்டும். குவாண்டம் ஆய்வகங்களிலோ இதை அரும்பாடுபட்டு உண்டாக்கிக் குலையாமல் காப்பாற்றுகிறார்கள். அப்புறம், சிக்கல் தற்செயலாக விழுவது, தாறுமாறானது. எதிரெதிர்ச் சுழற்சியுள்ள எலக்ட்ரான் ஜோடியிலோ தாறுமாறு என்பதே கிடையாது, உறவு அத்தனை துல்லியம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ‘கம்ப்ளெக்ஸிட்டி’ என்பதற்கு நாம் ஏற்கெனவே சிக்கல்தன்மை என்ற சொல்லைக் கொடுத்துவிட்டோம். இரண்டு கருந்துளைகளை ஒன்றோடொன்று பின்னி வைத்தால் அவற்றுக்கிடையே உள்ள புழுத்துளை, அதாவது இரண்டையும் இணைக்கும் காலவெளிப் பாலம், வெகுகாலம் நீண்டுகொண்டே போகிறது, ஆனால் அவற்றுக்கிடையே உள்ள என்டாங்கிள்மென்ட் அளவு மாறுவதில்லை. அப்படியானால் வளர்வது எது? அந்த நிலையை உண்டாக்கத் தேவையான கணக்கீட்டுப் படிகளின் எண்ணிக்கை, அதாவது சிக்கல்தன்மை, என்று இயற்பியலாளர் லியோனார்ட் சஸ்கிண்ட் 2014-இல் முன்மொழிந்தார். இதைச் ‘சிக்கல்’காரர்கள் எப்படி எழுதுவார்கள்? “சிக்கல் மாறாமல் இருக்க, சிக்கல்தன்மை வளர்கிறது” என்றா? பின்னல் மாறவில்லை, சிக்கல்தன்மை வளர்கிறது என்று எழுதினால் ஒரே வரியில் விஷயம் முடிந்தது.

காலவெளியின் வளைவுதான் ஈர்ப்பு. அது இதற்குள் எப்படி வந்தது? பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் 1970-களில் கருந்துளையின் என்ட்ரோபி (உள்ளே எத்தனை நுண்நிலைகள் இருக்கலாம் என்பதன் அளவு) அதன் கன அளவைச் சார்ந்ததல்ல, பரப்பளவைச் சார்ந்தது என்று காட்டினார்கள். 1997-இல் ஹுவான் மால்டசேனா, ஒரு குறிப்பிட்ட வகைப் பிரபஞ்சத்தின் உள்ளே நடக்கும் ஈர்ப்பு முழுவதையும், அதன் எல்லையில் உள்ள, ஈர்ப்பே இல்லாத ஒரு குவாண்டம் கோட்பாட்டைக் கொண்டு எழுதிவிடலாம் என்றார். இரண்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் ஷின்செய் ரியு, தடாஷி தகாயனாகி. 2006-இல் அவர்கள் கொடுத்த சூத்திரம் இது: எல்லையின் ஒரு பகுதி மீதிப் பகுதியோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்ற என்ட்ரோபிக்கு, உள்ளே அந்தப் பகுதியைப் பிரித்துக்காட்டும் மிகச் சிறிய பரப்பை 4G-ஆல் (G என்பது ஈர்ப்பு மாறிலி) வகுத்தால் வரும் எண்ணே விடை. ஒரு பக்கம் குவாண்டம் அளவு, மறுபக்கம் சுத்தமான வடிவியல்.

2010-இல் கனடாவின் மார்க் வான் ராம்ஸ்டாங்க் இந்தச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு ஒரு கேள்வி கேட்டார். எல்லையின் இரண்டு பாதிகளுக்கும் இடையே உள்ள பின்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் உள்ளே என்ன ஆகும்? நடுவில் உள்ள பரப்பு சுருங்கும். இரண்டு பக்கங்களுக்கும் இடையே தூரம் கூடும். இடைப்பகுதி கழுத்தாகி மெலிந்து, கடைசியில் அந்த வெளி தானே இரண்டு துண்டாகிவிடும். வெளியின் தொடர்ச்சியே பின்னலால் ஆனது என்பது அவர் முடிவு. துணியிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டால் துணி என்று தனியாக எதுவும் மிஞ்சாதல்லவா, அந்த மாதிரி. பின்னல் என்ற சொல் இங்கே வெறும் பெயராக நிற்காமல் விளக்கத்தில் பாதியைத் தானே சொல்லிவிடுகிறது. இந்த முடிவுகளில் பெரும்பாலானவை விரிவடைந்து முடுகும் நம் பிரபஞ்சத்துக்கு நேரடியாகப் பொருந்துவன அல்ல, எதிர்மறை வளைவுள்ள வேறொரு வகைக் காலவெளிக்கு உரியவை. இதையும் சொல்லாமல் எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

சரி, இப்போது பிணைப்பு. சிக்கலை விட இது எவ்வளவோ மேல், கவனமாக எழுதுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் சொல். ‘பின்னிப் பிணைந்த’ என்று பேச்சிலேயே இரண்டும் சேர்ந்துதானே வருகின்றன, எதை எடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அது சரிப்படவில்லை. வேதிப்பிணைப்பு, சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு என்று பள்ளி வகுப்பிலேயே அந்தச் சொல் நமக்குள் இறங்கிவிட்டது. அணுக்கருவில் பிணைப்பாற்றல் வேறு. இவை எல்லாவற்றிலும் ஒரு விசை இழுத்துப் பிடிக்கிறது, உடைக்க ஆற்றல் செலவாகிறது, விலகப் போனால் பிடிப்பு தளர்கிறது. என்டாங்கிள்மென்டில் இழுக்கும் விசை கிடையாது, தூரத்தால் அது குறைவதும் கிடையாது. அறுக்க ஆற்றல் தேவையில்லை, சுற்றியுள்ள ஏதோ ஒன்று ஒரு துகளை அளந்துவிட்டாலே போய்விடும். ‘பிணைந்த துகள்கள்’ என்று படிக்கும் பதினோராம் வகுப்பு மாணவி இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிற்றைத்தான் கற்பனை செய்வாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, வேதியியல் பாடம் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது.

ஈர்ப்பைப் பற்றி எழுதும்போது கேடு இன்னும் அதிகம். நிலவு பூமியோடு பிணைந்திருப்பது ஈர்ப்பால். ‘பிணைப்பிலிருந்து ஈர்ப்பு’ என்று எழுதினால் வாசகர் ‘ஆமாம், ஈர்ப்பு பிணைக்கத்தானே செய்யும்’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். புதுமை மொத்தமும் அங்கேயே செத்துவிடும்.

1935-இல் ஐன்ஸ்டைன் இரண்டு கட்டுரைகள் எழுதினார். பொடோல்ஸ்கி, ரோசன் இருவரோடும் சேர்ந்து எழுதியது இந்தப் பின்னலைப் பற்றி. சில வாரங்கள் கழித்து ரோசனோடு எழுதியது, பின்னாளில் புழுத்துளை என்று பெயர் பெற்ற பாலத்தைப் பற்றி. 2013-இல் மால்டசேனாவும் சஸ்கிண்டும் அந்த இரண்டும் ஒன்றுதான் என்று முன்மொழிந்து, ஆசிரியர்களின் முதலெழுத்துகளை வைத்து ‘ஈஆர் = ஈபிஆர்’ என்று எழுதினார்கள். பாலம் என்பது இரண்டு இடங்களை இணைக்கும் பொருள், அதாவது ஏற்கெனவே ஒரு பிணைப்பு. சமன்பாட்டின் மறுபக்கத்திலும் பிணைப்பு என்றே போட்டால் பிணைப்பும் பிணைப்பும் சமம் என்று ஆகிறது. இந்தக் கருத்தைக் கேட்டு மனிதர்கள் ஏன் திகைத்தார்கள் என்று தமிழில் படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

பின்னலுக்கு எதிராகவும் ஒரு நியாயமான வாதம் உண்டு. சில வகைக் குவாண்டம் கணினிகளுக்கு ஒரு துகளை இன்னொன்றைச் சுற்றி நகர்த்தும் முறை ஒன்றைச் சொல்கிறார்கள். அந்தப் பாதைகள் கூந்தல் பின்னுவது போலவே இருக்கும், ஆங்கிலப் பெயரும் அதுதான் (braiding). ‘பின்னல்’ என்ற சொல் அதற்குத்தானே வேண்டும் என்பது அந்த வாதம். ஆனால் அதற்கு ‘சடை’ என்ற சொல் காலியாகவே இருக்கிறது, சடையிடல் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னு, பின்னிய, பின்னாத, பின்னலளவு, பின்னல் என்ட்ரோபி என்று நமக்கு வேண்டிய வடிவங்கள் எல்லாம் சிரமமில்லாமல் கிடைக்கின்றன.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. குவாண்டத்தைத் துளிமம் என்பதா குவையம் என்பதா என்று நம்மவர்கள் எவ்வளவோ வாதாடுகிறார்கள். குவாண்டம் என்றே எழுதினாலும் யாருக்கும் பொருள் மாறாது. பொருள் மாறுவது இரண்டாவது சொல்லில், அதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. அகராதியில் முதலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். அப்படிப்பட்ட தமிழைவிட, என்டாங்கிள்மென்ட் என்று ஒலிபெயர்த்து எழுதுவதே நேர்மை. குறைந்தபட்சம் தவறான பொருளாவது உள்ளே போகாது.

2017-இல் லண்டனில் சௌகதோ போஸ் குழுவும், ஆக்ஸ்ஃபோர்டில் கியாரா மார்லெட்டோ, விளாட்கோ வெட்ரல் இருவரும் தனித்தனியாக ஒரே மாதிரியான ஒரு சோதனையை முன்வைத்தார்கள். ஈர்ப்பைத் தவிர வேறு எதுவும் தொடாதபடி இரண்டு மிகச் சிறிய நிறைகளை அருகருகே வைக்க வேண்டும். போஸ் குழு கணக்கிட்டது ஒவ்வொன்றும் சுமார் 10⁻¹⁴ கிலோ. ஒவ்வொன்றையும் இரண்டு இடங்களில் ஒருசேர இருக்கும் குவாண்டம் நிலையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவை ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னியிருந்தால் ஈர்ப்பும் குவாண்டம் தன்மை உடையது என்பதற்கு அது சான்று என்பது அவர்கள் வாதம். சோதனை இன்னும் நடக்கவில்லை. ஈர்ப்பு இரண்டு பொருள்களைப் பிணைக்குமா என்று கேட்டால் நியூட்டனே ஆம் என்று சொல்லிவிடுவார். ஈர்ப்பு இரண்டு பொருள்களைப் பின்னுமா என்பதற்கு இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் விடை இல்லை.