அமெரிக்கத் தொழிற்சங்கத் தேர்தல் விதிகள்: நிர்வாகத்தின் கையில் எஞ்சும் நாள்கள்

அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஒன்றில் தொழிற்சங்கம் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அங்கே வேலை செய்பவர்களே இரகசிய வாக்கெடுப்பில் தீர்மானிக்கிறார்கள். அதற்கு வழிசெய்வது 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம். தேர்தலை நடத்துவது அச்சட்டத்தின்கீழ் அமைந்த தேசியத் தொழிலுறவு வாரியம். இந்தியாவின் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி சொன்னதேயன்றி, அதை நிர்வாகம் அங்கீகரித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் தேர்தலில் வென்ற சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவது நிர்வாகத்தின் சட்டக் கடமை. அதனால்தான் தேர்தல் விதியில் ஒரு சிறு மாற்றம் முன்மொழியப்பட்டாலும் இரு தரப்பும் வழக்கறிஞர்களோடு வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன.

மாற்றங்கள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன: சங்கம் மனு கொடுத்த நாளுக்கும் வாக்குப்பதிவு நாளுக்கும் இடையே எத்தனை நாள் இருக்க வேண்டும்? சட்டம் இதற்கு விடை சொல்லாமல் வாரியத்திடமே விட்டுவிட்டது. வாரியத்தின் 5 உறுப்பினர்களைக் குடியரசுத் தலைவர் செனட் அவையின் ஒப்புதலோடு நியமிக்கிறார் என்பதால், ஆளுங்கட்சி மாறும்போது இந்த நாள்கணக்கும் மாறிவிடுகிறது. மனு கொடுக்கும்வரை சங்கத்தினர் மாதக்கணக்கில் ஓசையின்றித் தொழிலாளர்களிடம் பேசியிருப்பார்கள். பல நிர்வாகங்களுக்கு மனுவின் நகல் கைக்கு வரும்போதுதான் செய்தியே தெரியவரும். ஆகவே இடைப்பட்ட நாள்கள்தான் நிர்வாகம் தன் வாதத்தைச் சொல்லக் கிடைக்கும் காலம். அதைக் குறைப்பது பதுங்கித் தாக்குவதற்கு ஒப்பானது என்று முதலாளிகளின் அமைப்புகள் சொல்கின்றன. அதை நீட்டுவது மிரட்டலுக்கும் பணிநீக்கத்திற்கும் இடம் கொடுப்பதாகும் என்று சங்கங்கள் சொல்கின்றன.

2011 ஜூன் மாதம் வாரியம் முன்மொழிந்த மாற்றங்கள் அந்த ஆண்டு இறுதியில் விதியாகி, 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இரண்டே வாரத்தில், போதிய உறுப்பினர்கள் வாக்களிக்கவில்லை என்ற காரணத்தால் நீதிமன்றத்தில் செல்லாமல் போயின. 2014 பிப்ரவரியில் அதே மாற்றங்கள் மீண்டும் முன்மொழியப்பட்டு, பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டபின், 2015 ஏப்ரல் 14 அன்று நடைமுறைக்கு வந்தன. அதை ரத்து செய்ய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை ஒபாமா தம் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார். அதுவரை மனுவிலிருந்து தேர்தலுக்கு இடைநிலை அளவாக 38 நாள் ஆனது. புதிய விதியின்கீழ் அது சுமார் 24 நாளாகச் சுருங்கியது. டிரம்ப் ஆட்சியில் 2019 டிசம்பரில் வந்த விதி நாள்களை மறுபடி நீட்டியது. பைடன் ஆட்சியில் 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு அந்த ஆண்டு டிசம்பர் 26 முதல் நடப்புக்கு வந்த விதி, பெரும்பாலும் 2014-இன் கணக்குக்கே திரும்பியது. இந்தக் கடைசி இரண்டு மாற்றங்களையும் வெறும் நடைமுறைத் திருத்தம் என்று கூறி, வாரியம் கருத்துக் கேட்காமலேயே வெளியிட்டது. முன்மொழிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த நிறுவனங்களுக்குக் கையில் கிடைத்தது இறுதியாக்கப்பட்ட விதிதான்.

மனு கொடுக்க, சம்பந்தப்பட்ட பணிப்பிரிவில், அதாவது சங்கம் யார் சார்பில் பேச விரும்புகிறதோ அந்த ஊழியர் குழுவில், குறைந்தது 30 விழுக்காட்டினர் ஆதரவுக் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். வெற்றிக்குத் தேவை பதிவான வாக்குகளில் பெரும்பான்மை. ஊழியர் எண்ணிக்கையில் பெரும்பான்மை அன்று. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள அமேசான் கிடங்கில் 2022-இல் சங்கம் 2,654-க்கு 2,131 என்ற கணக்கில் வென்றபோது, வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் 8,300-க்கும் மேல். வாக்களிக்க வராதவர்களைத் தம் பக்கமாக எண்ணிக்கொள்ளும் நிர்வாகி இங்கே ஏமாந்து போவார்.

2023 விதிப்படி காலம் எப்படி ஓடுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு திங்கட்கிழமை வாரியத்தின் வட்டார அலுவலகம், தேர்தலுக்கு முன் இரு தரப்பு வாதங்களையும் கேட்கும் விசாரணைக்கான அறிவிப்பை நிறுவனத்திடம் சேர்ப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமைக்குள், அதாவது 2 வேலை நாளுக்குள், மனு குறித்த அறிவிப்பை ஊழியர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். முந்தைய விதியில் இதற்கு 5 வேலை நாள் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை நண்பகலுக்குள் நிர்வாகம் தன் நிலைப்பாட்டு அறிக்கையை எழுத்தில் தர வேண்டும். செவ்வாய்க்கிழமை, 8-ஆம் நாள், விசாரணை தொடங்கிவிடும். முந்தைய விதியில் அது 14 வேலை நாள், அதாவது ஏறக்குறைய 3 வாரம். தேர்தலுக்கு உத்தரவிட்டபின் பொதுவாக 20 வேலை நாள் காத்திருக்க வேண்டும் என்று 2019-இல் சேர்த்த விதியும் நீக்கப்பட்டு, நடைமுறையில் இயன்ற மிக அருகான நாளில் தேர்தல் என்றாகிவிட்டது.

இவற்றில் நிறுவனங்கள் அதிகம் சறுக்குவது அந்த நிலைப்பாட்டு அறிக்கையில்தான் என்பேன். பணிப்பிரிவின் எல்லை சரியா, யார் யார் அதில் அடங்குவார்கள், வாரியத்திற்கு இவ்வழக்கில் அதிகாரம் உண்டா என்பன போன்ற எல்லா ஆட்சேபங்களும் அதில் இருக்க வேண்டும். வாரியத்தின் சட்ட அதிகாரம் பற்றிய ஆட்சேபம் தவிர, அதில் எழுப்பாத ஆட்சேபத்தைப் பொதுவாகப் பின்னர் விசாரணையில் எழுப்ப இயலாது. ஊழியர்களின் பெயர், பணியிடம், ஷிப்ட், பதவி அடங்கிய பட்டியலையும் அதோடு இணைக்க வேண்டும். ஏழு நாளில் வழக்கறிஞரைத் தேடிப்பிடித்து, மனிதவளத் துறையின் பழைய கோப்புகளைத் தூசி தட்டி இதைத் தயாரிப்பது பெரிய நிறுவனத்துக்கு எளிது. 40 பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அப்படியன்று. அவகாசம் கேட்கலாம், ஆனால் தனிச்சூழல் இருப்பதைக் காட்டினால் 2 வேலை நாள் வரைதான் தருவார்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் அசாதாரணக் காரணம் வேண்டும்.

வாக்காளர் பட்டியல் அடுத்த சுமை. 1966 முதல் பெயரும் முகவரியும் மட்டும் 7 நாளில் தந்தால் போதும் என்றிருந்தது. இப்போது 2 வேலை நாளுக்குள், நிறுவனத்திடம் இருக்கும் தனிப்பட்ட மின்னஞ்சல், வீட்டுத் தொலைபேசி, கைபேசி எண்கள் உட்பட, சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஊழியர்களின் தனியுரிமை பாதிக்கப்படுகிறது என்று நிர்வாகங்கள் எதிர்த்தன. அந்த எண்களை நிர்வாகம் தன் பிரசாரத்திற்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது அந்த வாதம் பாதிதான் எடுபடும்.

ஒருவர் மேற்பார்வையாளரா, சாதாரண ஊழியரா என்ற தகராறு பெரும்பாலும் தேர்தலுக்குப் பிறகே தீர்க்கப்படும் என்பதை நிர்வாகங்கள் எளிதாகக் கடந்துவிடுகின்றன. ஆனால் இதில் ஆபத்து உண்டு. மேற்பார்வையாளர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் பேசும் பேச்சு நிர்வாகத்தின் பேச்சாகவே கருதப்படும். ஷிப்ட் பொறுப்பாளர் ஒருவரின் நிலை தெளிவாகாமலே பிரசாரம் நடந்தால், அவரை நிர்வாகத்தின் சார்பில் பேச வைப்பதும் வம்பு, பேசாமல் இருத்துவதும் வம்பு.

சங்கம் வேண்டாம் என்று சொல்ல நிர்வாகத்திற்கு உரிமை உண்டு. தேசியத் தொழிலுறவுச் சட்டத்தில் 1947-இல் சேர்க்கப்பட்ட 8(சி) பிரிவு, மிரட்டலோ சலுகை வாக்குறுதியோ கலவாத கருத்துரையைக் காக்கிறது. சங்கம் வந்தால் கிளையை மூடுவோம் என்பது மிரட்டல். வராவிட்டால் ஊதியம் உயரும் என்பது வாக்குறுதி. வாக்குப்பதிவுக்கு முந்தைய 24 மணி நேரத்தில் வேலை நேரத்தில் ஊழியர்களைக் கூட்டி உரையாற்றக் கூடாது என்பது 1953 முதல் இருக்கும் விதி. 2023 ஆகஸ்டில் செமெக்ஸ் என்ற சிமென்ட் நிறுவனத்தின் வழக்கில் வாரியம் ஒரு படி மேலே போனது. பெரும்பான்மை ஆதரவைக் காட்டி அங்கீகாரம் கேட்கும் சங்கத்தை நிர்வாகம் ஏற்க வேண்டும், இல்லையேல் பொதுவாக 2 வாரத்திற்குள் தானே தேர்தல் மனு கொடுக்க வேண்டும் என்றும், தேர்தலையே ரத்து செய்யத்தக்க முறைகேட்டை நிர்வாகம் செய்தால் மறுதேர்தல் இன்றிப் பேச்சுவார்த்தைக்கு உத்தரவிடலாம் என்றும் கூறியது.

இதெல்லாம் பெரிய தொழிற்சாலைகளுக்குத்தான் என்று அங்கே கடை நடத்தும் நம்மவர் எண்ணினால் தவறு. ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் விற்றுமுதல் உள்ள சில்லறைக் கடையும் உணவகமும் வாரியத்தின் அதிகாரத்திற்குள் வருகின்றன. விவசாயத் தொழிலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள், அரசு ஊழியர்கள் ஆகியோர் இச்சட்டத்தின்கீழ் வரமாட்டார்கள்.

2025 ஜனவரியில் ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டதால், முடிவெடுக்கத் தேவையான 3 உறுப்பினர்கள் இன்றி வாரியம் பல மாதம் முடங்கிக் கிடந்தது. அப்போதும் வட்டார இயக்குநர்கள் தேர்தல்களை நடத்தி வந்தார்கள். தேர்தல் முடிவில் குறை கண்ட தரப்பு, வாக்கு எண்ணிக்கை தெரிந்த 5 வேலை நாளுக்குள் சான்றுகளின் விவரத்தோடு ஆட்சேபம் தாக்கல் செய்ய வேண்டும். செல்லத்தக்க தேர்தல் நடந்த பணிப்பிரிவில் 12 மாதத்திற்கு வேறு தேர்தல் கிடையாது.