கல்லாறில் தொலைந்த நீலம்

கோவையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தாள். "டீச்சர், எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வடக்கே மலை நீலமாகத் தெரிகிறது. போன மாதம் ஊட்டிக்குப் போனோம். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் எல்லாமே பச்சை. அந்த நீலம் நடுவில் எங்கே போச்சு?"

மலை ஏன் நீலமாக இருக்கிறது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நீலம் எங்கே போனது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டதுமே பாதி விடை கையில் வந்துவிடுகிறது. கிட்டே போகப் போகக் கரைகிற நிறம் மலையுடையதாக இருக்க முடியாது.

குன்னூரில் இத்தனை வருடம் இருந்ததில் மூன்று விளக்கங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். குறிஞ்சி பூப்பதால் என்பார்கள். குறிஞ்சி 2006இல் பூத்தது, அப்புறம் 2018இல் பூத்தது. நடுவில் இருந்த வருடங்களிலும் மலை நீலமாகத்தான் நின்றது. இரண்டாவது, கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். தைலம் காற்றில் கலந்து நீலம் தருகிறது என்று சுற்றுலா வண்டி ஓட்டும் தம்பிகள்கூடச் சொல்வார்கள். கற்பூர மரம் 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன் இந்த மலையின் பழங்குடிகளான தொதவர்களை அச்சுறுத்தியதைச் சொல்லும் கல்வெட்டு 1117ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதிலேயே இது நீல மலைதான். எழுநூறு வருடம் கழித்து வந்த மரத்தால் அந்தப் பெயர் வந்திருக்காது. ஆனால் இந்த விளக்கத்தை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை, பிறகு அதற்கு வருகிறேன். மூன்றாவது, பாறையின் நிறம். அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

முதலில் பள்ளிக்கூடப் பாடம். சூரிய ஒளி காற்று மூலக்கூறுகளில் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அலைநீளம் குறையக் குறைய, அதன் நான்காம் அடுக்கு விகிதத்தில் சிதறல் கூடுகிறது. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ராலே என்ற ஆங்கில இயற்பியலாளர். வானம் நீலமாக இருப்பது இதனால். இது எல்லோரும் படித்ததுதான்.

சரி, வானத்துக்கு அது போதும். மலைக்கு?

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. வானம் என்று நாம் சொல்வது தலைக்கு மேலே மட்டும் இல்லை. உங்கள் மொட்டை மாடிக்கும் மலைக்கும் நடுவிலும் வானம்தான் இருக்கிறது, படுக்கைவாட்டில். அந்தக் காற்றின் மேலும் வெயில் அடிக்கிறது. அதுவும் நீல ஒளியைச் சிதறுகிறது, அதில் ஒரு பங்கு நேராக உங்கள் கண்ணுக்கு வருகிறது. மலையிலிருந்து கிளம்பி வரும் பச்சை ஒளி வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, நடுக்காற்று தன் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வருகிறது. கடைசியில் கண்ணுக்குள் போவது இரண்டும் கலந்த ஒளி. மலையை முழுக்கக் கறுப்புத் துணியால் மூடினாலும் அந்த நீலம் அப்படியே இருக்கும்.

எவ்வளவு நீலம் என்று கணக்கும் போடலாம். தூசியே இல்லாத சுத்தமான காற்று என்று வைத்துக்கொள்வோம். அடிவானத்தின் பிரகாசம் ஒவ்வொரு நிறத்திலும் 100 என்றால், 30 கிலோமீட்டர் காற்று மட்டும் நீலத்தில் சுமார் 55 தருகிறது, சிவப்பில் சுமார் 16. கோவை நகரத்துக்கும் நீலகிரியின் தெற்குச் சரிவுக்கும் நடுவில் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். இப்போது பஸ்ஸில் ஏறிப் போங்கள். 3 கிலோமீட்டருக்கு வரும்போது நீலம் 8க்குக் கீழே இறங்கிவிடும். 1 கிலோமீட்டரில் 3கூட இல்லை. கல்லாறில் மரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது, நடுவில் காற்றே இல்லாத மாதிரிதான். நீலம் ஓர் இடத்தில் சட்டென்று மறையவில்லை. நீங்கள் கடந்து வந்த ஒவ்வொரு கிலோமீட்டர் காற்றும் உங்களுக்குப் பின்னால் போய்விட்டது, அதோடு அதன் நீலமும் போய்விட்டது.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேரடி விடை இதுதான்: நீலத்துக்குள்ளேதான் நீ பயணம் செய்து வந்தாய்.

எதிர்த்திசையிலும் கணக்கை ஓட்டிப் பாருங்கள். 100 கிலோமீட்டரில் நீலம் 93 ஆகிவிடுகிறது, அதற்கு மேல் ஏற இடமில்லை. சிவப்பு 45க்கு ஏறி வந்துவிடுகிறது. நிறங்கள் ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்கின்றன, அதனால் வெளுப்பு. கோத்தகிரிப் பக்கம் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் இந்தச் சமன்பாடு முழுவதும் கண் முன்னால் விரிந்து கிடக்கும். பக்கத்து மடிப்பு பச்சை, அடுத்தது நீலப்பச்சை, அதற்கடுத்தது நீலம், அப்புறம் சாம்பல் நீலம், கடைசி மடிப்பு வானத்தோடு வெளுத்துக் கரைந்திருக்கும்.

இன்னொன்று இதற்கு அவசியம்: பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வீட்டில் ஊதுவத்தி ஏற்றிப் பாருங்கள். கறுப்புக் கதவுக்கு முன்னால் புகை நீலமாகத் தெரியும். அதே புகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் பழுப்பாக இருக்கும். கறுப்புக்கு முன்னால் நாம் பார்ப்பது புகை சிதறித் தந்த ஒளி. ஜன்னலுக்கு எதிரே பார்ப்பது நீலத்தைப் பறிகொடுத்துவிட்டு மிஞ்சிய ஒளி. நம் மலையில் அந்தக் கறுப்புக் கதவு வேலையைச் செய்வது காடு. சோலைக்காடு தன் மேல் விழும் வெளிச்சத்தில் மிகக் கொஞ்சத்தைத்தான் திருப்பித் தரும். அதனால் நடுக்காற்றின் மெல்லிய நீலம் எடுப்பாகத் தெரிகிறது. அதே மலைக்கு மேலே, அதே தூரத்தில் நிற்கும் வெண்மேகம் நீலமாவதில்லை. லேசாக மஞ்சளாகத்தான் தெரியும்.

இப்போது பாறை. நீலகிரியின் உடம்பு பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. சென்னைக் கடற்கரைக்குச் சற்று உள்ளே பல்லாவரம் குன்றில் இருப்பதும் அதே இனம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். இந்தப் பாறையில் உள்ள குவார்ட்ஸ் படிகங்களுக்குப் பல இடங்களில் நீலச்சாயல் உண்டு. படிகத்துக்குள் சிக்கிய மிக மிக நுண்ணிய கனிமத் துணுக்குகள் ஒளியைச் சிதறுவதால் வரும் நீலம் அது. மலைக்கு வெளியே காற்று செய்கிற வேலையை, கைக்குள் அடங்கும் கல்லுக்குள் இந்தத் துணுக்குகள் செய்கின்றன! 30 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறவருக்கு இது தெரியாது, மலையின் நீலத்துக்கு இது காரணமும் இல்லை. இருந்தாலும் அந்தக் கல்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கும்.

கற்பூர மரத்துக்கு வருகிறேன். சுத்தமான காற்று என்று மேலே சொன்னேன், அப்படி ஒரு காற்று நமக்குக் கிடைப்பதில்லை. மரங்கள் டெர்பீன் போன்ற வாசனைச் சேர்மங்களை வெளிவிடுகின்றன. காட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற மணம் அதுதான். இவை காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து, எளிதில் ஆவியாகாத பொருள்களாக மாறி, நுண்துகள்களாக ஒட்டிக்கொள்கின்றன. உலகின் பல காடுகள் மேல் தெரியும் நீல மூட்டத்துக்கு இதுதான் காரணம் என்று பிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1960இல் எழுதினார். இந்தத் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிட நன்றாகச் சிறியதாக இருக்கும்வரை, காற்று மூலக்கூறுகளைப் போலவே நீலத்தை அதிகம் சிதறும். ஆக, கற்பூர மரம் நீலத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனால் சோலை மரங்களும் இதைச் செய்தவைதான், 1117லும் செய்தவைதான்.

தைலம் பற்றி இங்கே ஒன்று சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. மலைக்காற்றில் கலந்த தைலம் நெஞ்சுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் ஆரம்பித்து, சளி பிடித்த குழந்தைக்குச் சொட்டுத் தைலம் குடிக்கக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சில மில்லிலிட்டர் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். இயற்கையானது என்பதால் ஒரு வேதிப்பொருள் சாதுவாகிவிடாது.

துகள் பெரிதானால் என்ன ஆகும்? ஈரம் ஏறி, புகையும் கரியும் சேர்ந்து, துகள் அலைநீளத்தின் அளவை எட்டிவிட்டால் எல்லா நிறமும் கிட்டத்தட்டச் சமமாகச் சிதறும். மலை வெளுக்கும். பனிமூட்டத்தின் துளி சுமார் 10 மைக்ரோமீட்டர், அலைநீளத்தைப் போல் இருபது மடங்கு; அதனால்தான் அது சுத்த வெள்ளை. மலையை வெளுக்க வைக்கும் புகைத்துகள்கள் அநேகமாக 1 மைக்ரோமீட்டருக்கும் உட்பட்டவை. நுரையீரலின் கடைசி அறைவரை போகக்கூடிய அளவும் அதுதான். ஆகவே மலை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது நாம் எதைச் சுவாசிக்கிறோம் என்பதற்கான ஓர் அளவுகோல். ஊட்டியில் அண்டக்கதிர்களைப் பிடிக்க ஆய்வகம் இருக்கிறது, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கொடைக்கானலில் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இவற்றுக்குச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும் நியாயமானது என்பது என் கட்சி. அதோடு, மலையடிவாரப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு கேமரா கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து மலையைப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. சூரியனுக்குக் காட்டிய அந்தப் பொறுமையை நம் காற்றுக்கும் காட்டலாம். செலவு சொற்பம், முப்பது வருடம் கழித்து அது பொக்கிஷம்.

இதுவரை ஒளியின் கதை. கண்ணுக்கும் மூளைக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

"மலை கிட்டத்துல தெரியுது, மழை வரும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மழை வருமா என்பது ஒருபுறம் இருக்கட்டும், கிட்டத்தில் தெரிவது உண்மை. எவ்வளவு மங்கலோ அவ்வளவு தூரம் என்று மூளை பிறந்ததிலிருந்து பழகி வைத்திருக்கிறது. மழை தூசியைக் கழுவிவிட்ட மறுநாள் காலை, நடுக்காற்றின் ஒளி குறைகிறது, மூளை மலையை இழுத்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறது. இதே பழக்கம் மலைப்பாதையில் நம் உயிருக்கு உலை வைக்கும். கொண்டை ஊசி வளைவில் மூட்டத்துக்குள் எதிரே வரும் லாரி மங்கலாகத் தெரிவதால், அது இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகவே தோன்றும். அந்த நேரத்தில் கண்ணை நம்பாமல் பிரேக்கில் கால் வையுங்கள்.

மூளை இன்னொரு வேலையும் செய்கிறது. அருகில் உள்ள மலை பச்சை என்று அதற்குத் தெரியும், அதனால் நடுக்காற்றின் நீலத்தைத் தானாகவே கழித்துவிடுகிறது. நோட்டுத் தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே மலையின் ஒரு துண்டை மட்டும் பாருங்கள். பச்சை என்று நினைத்துக்கொண்டிருந்த சரிவு நீலச்சாம்பலாக மாறும். சின்ன வயதில் கால்களுக்கு நடுவே குனிந்து தலைகீழாக மலையைப் பார்த்திருக்கிறீர்களா? நிறம் அடர்த்தியாகத் தெரியும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தலைகீழான காட்சி மூளைக்குப் பழக்கமில்லாத ஒன்று. தூரத்தை எடைபோடும் வேலையை அது தளர்த்திவிட, நிறம் நிறமாகவே நமக்குக் கிடைக்கிறது.

போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் இன்னும் நல்லது. சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்போது மலையைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் நீலம் குறைந்து, பச்சை எழுந்து வரும். செங்கோணத்தில் சிதறிய ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால் கண்ணாடியால் அதைத் தடுக்க முடிகிறது. சி. வி. ராமன் 1921இல் கப்பலில் திரும்பி வரும்போது இதைப் போன்ற ஒரு வேலையைத்தான் செய்தார். இந்தக் கண்ணாடியைப் போலவே வேலை செய்யும் நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியே கடலைப் பார்த்து, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வானத்தை வெட்டி நீக்கினார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. கடலின் நீலம் வானத்தின் நிழல் என்று ராலே சொல்லியிருந்ததை அந்த ஒரு பார்வை அசைத்துவிட்டது. நீர் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறுகின்றன என்று ராமன் காட்டினார். ஏழு வருடம் கழித்து, 1928 பிப்ரவரி 28இல், அந்தப் பாதை ராமன் விளைவில் போய்ச் சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பினேன். அடுத்த வாரமே அவளிடமிருந்து பதில் வந்தது: "அப்போ மேலேயிருந்து பார்த்தால் நாங்களும் நீலமாகத் தெரிவோமா?"

அந்த வாரம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மறுநாள் காலை குன்னூர்ப் பக்கம் லாம்ப்ஸ் ராக் காட்சிமுனைக்குப் போய் நின்று தெற்கே பார்த்தேன். மேட்டுப்பாளையத்துத் தோப்புகள் வரைக்கும் பச்சை. அதற்கு அப்பால், கோவை இருக்கும் இடம் முழுக்க நீலம்.